செத்த வாத்துக்குக் காலைக் காட்ட வேண்டும்

அன்றைக்கு முதலாளி வீட்டு வாசலில் இருந்தவர்கள்: முதலாளி, பிளாஸ்டிக் நாற்காலியில். அவருடைய மைத்துனர், கணக்கு பார்க்கிறவர், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்மேல். முட்டை லாரி டிரைவர், டீ டம்ளரோடு, நின்றபடி. என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், என்னோடு சேர்ந்து வாத்து மேய்க்கிறவர். என் மனைவி. நான். முதலாளியின் சம்சாரம் உள்ளே ஜன்னல் ஓரம் இருந்தார். முகம் தெரியவில்லை. வெங்காயம் நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது, பேச்சு முற்றியபோது அந்தச் சத்தம் நின்றது. அதனால் அவரையும் சேர்த்து ஏழு பேர்.

இப்படி ஆட்களை முதலில் எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதை நான் ஒரு புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். அப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து படுக்கையானார். அரையாண்டுப் பரீட்சை எழுதினேன், விடைத்தாளை வாங்கப் போகவில்லை. அந்தக் கணக்குப் பேப்பரில் எனக்கு எவ்வளவு மார்க் வந்திருக்கும் என்று இப்போதும் சில சமயம் யோசிப்பேன். முப்பத்தேழு வயதில் இதையெல்லாம் யோசிக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். போன் அடித்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். காலையில் மேய்ச்சலுக்குக் கிளம்பும்போது, வாத்தை அடைத்த வலையைச் சுருட்டிக் கட்டிய முடிச்சை மூன்று தடவை போய்த் தொட்டுப் பார்ப்பேன். மச்சான் சொல்வார்: "மாப்ள, வலை வீட்டுக்குப் போயிடாது. வா."

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தோம். அதற்காக முதலாளியிடம் அறுபதாயிரம் முன்பணம் வாங்கினேன். அவருக்கு வீடு திருவிடைமருதூர்ப் பக்கம். ஆயிரத்து ஐந்நூறு வாத்து வைத்திருக்கிறார். மாசம் ஏழாயிரம் சம்பளம், அதில் இரண்டாயிரம் பிடித்தம், சமைக்க அரிசி அவர் தருவார். முன்பணம் தீரும்வரை வேறு யாரிடமும் வேலைக்குப் போகக் கூடாது. எழுத்து எதுவும் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. மச்சான் எனக்கு முன்னாலிருந்தே அங்கே வேலை பார்த்தார். "அவன் போனா நான் இருக்கேன் முதலாளி, என்னைப் பிடிச்சுக்குங்க" என்று அவர்தான் எனக்காகச் சொன்னார். பிறகு மகள் சடங்குக்குப் பன்னிரண்டாயிரம் வாங்கினேன். ஆக எழுபத்திரண்டாயிரம். அதில் அறுபத்தெட்டாயிரம் கழிந்து, நாலாயிரம் நின்றது. இன்னும் இரண்டு மாசம். இரண்டே மாசம்.

வாத்து மேய்ப்பு என்றால் ஊர் ஊராகப் போவதுதான். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த நெல்லும் நத்தையும் கிடக்கும். ஒரு வட்டாரம் மேய்ந்து தீர்ந்ததும் அடுத்தது. வாய்க்கால் கரையில் தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொள்வோம். ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை லாரி வரும். வீட்டுக்குப் போவது மாசம் ஒரு தடவை.

போன தை மாசம் நன்னிலம் பக்கம் இறங்கியபோது, அங்கே லுத்தரன் கோயில் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனித்தேர்வு எழுதுகிறவர்களுக்கு வகுப்பு நடப்பதாகத் தெரிந்தது. பத்தாவது பாஸ் செய்தால் ரேஷன் கடையில் எடை போடுகிற வேலைக்கு மனுப் போடலாம். கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. மச்சானிடம் கேட்டேன்.

"போயிட்டு வா. வாத்து நான் பாத்துக்குறேன். ஆனா ஒண்ணு, கலெக்டர் ஆனா என்னை மறந்துடாத."

வகுப்பு எடுப்பது அந்தச் சபையைச் சேர்ந்த ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னை அண்ணே என்று கூப்பிடும். எங்களில் ஏழெட்டுப் பேருக்கு நூல் மதிப்புரை எழுதும் கேள்வி வரவே இல்லை. பாடப்புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் படித்திருந்தால்தானே வரும். டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தது. எனக்கு வந்தது ஜெராக்ஸ் எடுத்துக் கம்பி போட்ட ஒன்று. அட்டையும் இல்லை, முதல் நாலைந்து பக்கமும் இல்லை. மதிப்புரையில் முதல் தலைப்பு 'நூலின் பெயர்', இரண்டாவது 'ஆசிரியர்'. இரண்டுமே எனக்குத் தெரியாது. டீச்சரிடம் கேட்டேன். "எனக்கும் ஞாபகம் இல்ல அண்ணே, அப்பாவோட பெட்டியில கிடந்துச்சு. நீங்க உள்ள இருக்கறதப் படிங்க."

உள்ளே இருந்தது ஓர் அடிமை தன் கதையைத் தானே சொன்னது. கடல் தாண்டி எங்கோ ஒரு நாட்டில், ரொம்ப காலத்துக்கு முன்னால். அதில் எல்லோரும் அவரை அவன் இவன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. அவர் உப்பு காய்ச்சுகிற கொட்டகையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்குச் சொந்தம். அன்றைக்குக் கடலில் சிப்பி பொறுக்கி விற்றுக் காசு சேர்த்தார். எதற்கு என்றால், தன்னைத் தானே வாங்கிக்கொள்ள. இதை நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அவருக்கு ஒரு விலை. அதை அவரே கட்டினால் அவர் அவருடையவர்.

சேர்த்த காசைக் கொண்டுபோய் எஜமானிடம் கொடுத்தார். எஜமான் வாங்கி வைத்துக்கொண்டு, பிற்பாடு எப்போது கொடுத்தாய் என்று கேட்டான். மறுபடி சேர்த்தார். மறுபடி அதே மாதிரி. மூன்றாவது தடவை ஆட்கள் கூடியிருக்கும்போது முற்றத்தில் வைத்துக் கொடுத்தார். நின்றவர்கள் பேரையெல்லாம் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கொடுத்தார். அவருக்கு எழுதத் தெரியாது, அதனால் மனப்பாடம். அதிலிருந்து புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் யார் யார் இருந்தார்கள் என்று ஆரம்பித்து, இன்னும் எவ்வளவு பாக்கி என்று முடிகிறது. பிற்பாடு எழுதக் கற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

முதலில் எனக்கு அந்த ஆள்மேல் கோபம்தான் வந்தது. உன் கதை உனக்கு, நீ ஏன் என் பையில் வந்து உட்கார்ந்தாய் என்று. அவரைச் சவுக்கால் அடித்தார்கள். என்னை யாரும் ஒரு அடி அடித்ததில்லை. தீபாவளிக்கு வேட்டி சட்டை வரும். மகள் சடங்குக்கு முதலாளி நேரில் வந்து ஐந்நூறு மொய் எழுதினார், அதைப் பிடித்தத்தில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வேறே வேறே, இரண்டும் வேறே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

ஓர் இடத்தில் அந்த ஆளிடம் யாரோ கேட்கிறார்கள்: நீ ஊருக்குள் தனியாகத்தானே நடமாடுகிறாய், சந்தைக்குப் போகிறாய், வருகிறாய், காலில் சங்கிலி இல்லை, ஓடியிருக்க வேண்டியதுதானே? அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. அவருடைய பெண்சாதி அதே எஜமானிடம் சமையல்காரி என்று மட்டும் அடுத்த வரியில் இருந்தது. அதைப் படித்ததும் புத்தகத்தைப் பைக்குள் திணித்துவிட்டு, வாத்துகளை எண்ண ஆரம்பித்தேன். மேயும்போது வாத்தை எண்ண முடியாது. தெரிந்தேதான் எண்ணினேன். தூரத்தில் மச்சான் கம்பை ஊன்றிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். என்னைப் பார்த்துக் கை காட்டினார். அவன் போனா நான் இருக்கேன்.

எங்கள் தெருவிலும் ஒரு காலத்தில் எல்லாரும் பண்ணையாட்களாக இருந்தவர்கள்தான். அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்பா படுக்கையில் கிடந்த நாளில் ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் எதுக்குடா உனக்கு, போயி சோறு தின்னு" என்றார். தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டேன். அந்தப் புத்தகம் படிக்கிறவரை அதை மறந்துகூடப் போயிருந்தேன்.

இனி வாத்து செத்த நாள்.

மாசி முடியப்போகிற சமயம். மச்சான் அரிசி வாங்க சைக்கிளில் நன்னிலம் போயிருந்தார். நான் மட்டும். சுற்றி அறுத்த வயல். நடுவில் பம்புசெட் வைத்திருக்கிற ஒருத்தர் கோடை நடவுக்கு நாற்று விட்டிருந்தார். நாற்றங்காலுக்குக் குருணையாக வருகிற பூச்சி மருந்து தூவியிருந்தார். தூவியவர் ஒன்றும் ஏமாற்றவில்லை, காலி மருந்துப் பையைக் குச்சியில் செருகி வரப்பில் நட்டுத்தான் வைத்திருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே வாத்து மேய்க்கிற எல்லாருக்கும் தெரியும். காலையில் வந்ததும் நானும் அதைப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். அந்தப் பக்கம் விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன்.

வாத்துகள் மடையோரம் தலையைக் கவிழ்த்து அமைதியாக மேய்ந்தன. நான் குடையைக் கம்பில் கட்டிவிட்டு உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தேன். அந்த ஆள் முழு விலையையும் கட்டிவிட்டார், ஏழு பேர் பார்க்க. ஆனாலும் எஜமான் அவரை வேறொருவனுக்கு விற்றுவிட்டான். வாங்கியவன் வண்டி அனுப்பப்போகிறான் என்று தெரிந்த அன்று அவர் கிளம்பிவிட்டார். பின்னால் நாய்கள். முன்னால் ஓர் ஆறு. அவருக்கு நீச்சல் தெரியாது. ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். தண்ணீர் மார் வரைக்கும் வருகிறது, கழுத்து வரைக்கும் வருகிறது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் கவலையில்லாமல் இருந்ததில்லை, அந்தப் பக்கத்தில் மட்டும் என் கவலை எல்லாம் அவருக்குப் போய்விட்டது.

நிமிர்ந்தபோது ஒரு வாத்து கழுத்தைப் பின்னால் மடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓடினேன். நாற்றங்காலுக்குள் ஒரு கூட்டம் இறங்கியிருந்தது. விரட்டி வெளியே ஏற்ற ஏற்ற வரப்பிலேயே விழுந்தன. மற்றவற்றை வாய்க்காலுக்கு அந்தப்புறம் ஓட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடங்கினபோது எண்ணினேன். எண்பத்து மூன்று.

இரண்டு பெண்கள் கூடையோடு வந்துவிட்டார்கள், மூன்று நாலு பிள்ளைகளோடு. பக்கத்துத் தெரு. செத்த வாத்தை யாராவது எடுத்துப்போய்க் குழம்பு வைப்பது உள்ளதுதான்.

"அண்ணே, நாலு குடுங்கண்ணே. சும்மாதான கெடக்கு."

"மருந்து தின்னது. தொடாதீங்க."

"குடலை எடுத்துட்டா ஒண்ணும் ஆவாது."

"ஆவும். போங்க."

அவர்கள் போகவில்லை, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் திரும்பினால் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளும் தின்னும். ஒன்று செத்தாலும் அது என் தலையில். பம்புசெட் கொட்டகையிலிருந்து மண்வெட்டி எடுத்து வந்து, வாய்க்காலின் காய்ந்த தரையில் குழி வெட்டி, எண்ணி எண்ணிப் போட்டு மூடினேன். கடைசி வாத்து உள்ளே போனபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"காலு எங்க மாப்ள?"

எங்கள் முதலாளியிடம் ஒரு முறை உண்டு. வாத்து செத்தால் இரண்டு காலையும் வெட்டிக் கம்பியில் கோத்து வைக்க வேண்டும். லாரி வரும்போது காட்ட வேண்டும். காட்டினால் செத்தது கணக்கு. காட்டாவிட்டால் நாம் விற்றது கணக்கு, ஒரு வாத்துக்கு முந்நூறு. மூன்று வருஷத்தில் நான் எத்தனையோ ஜோடிக் கால் கோத்திருக்கிறேன். அன்றைக்குப் பிள்ளைகள் தின்றுவிடக் கூடாது என்கிற ஒரே நினைப்பு. கத்தி இடுப்பில்தான் இருந்தது.

விடிந்ததும் போய்த் தோண்டினோம். எங்களுக்கு முன்னாலேயே நாய்கள் தோண்டியிருந்தன. இறகும் மண்ணும்தான். ஒன்பது ஜோடி கிடைத்தது. கரையில் இரண்டு நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. என்னிடம் இருப்பது பட்டன் போன், மச்சானிடம் அதுவும் இல்லை. போட்டோ எடுத்துக் காட்டவும் வழி இல்லை.

"புள்ளைங்க தின்னுருந்தா இந்த நாய் மாதிரிதான் கெடந்துருக்கும்" என்றேன்.

"ஆமா" என்றார் மச்சான். "ஆனா நாயிக்கு முந்நூறு கழிக்க மாட்டாரு."

பங்குனி முதல் வாரம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். என் மனைவி தானும் வருவேன் என்றாள். "நீங்க தனியாப் போனா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வருவீங்க." அது உண்மை. டீச்சரிடம் முந்தின ஞாயிறு சொல்லியிருந்தேன். வரட்டுமா அண்ணே என்று கேட்டது. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். படித்த பெண் வந்து நின்றால் முதலாளிக்குக் கோபம் வரும் என்று பயம்.

முதலாளி ஒன்றும் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை.

"எண்பத்து மூணு தம்பி. ஒண்ணு ரெண்டுன்னா பேச்சே இல்ல."

"மருந்துங்க. குழியத் தோண்டிப் பாத்தா தெரியும், இறகு இன்னும் கெடக்குங்க."

"இறகு எனக்கு எதுக்கு. நீ எங்க இருந்த?"

மச்சான் முந்திக்கொண்டார். "காய்ச்சல் முதலாளி அவனுக்கு. முடியாமப் படுத்துட்டான்."

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நான் கரையேறியிருக்கலாம். ஆனால் காய்ச்சலுக்கு மருந்துச் சீட்டு கேட்டால் என்ன செய்வது, எந்த டாக்டர் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அதற்குள் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது.

"காய்ச்சல் இல்லீங்க. படிச்சுக்கிட்டிருந்தேன்."

மைத்துனர் சிரித்தார். "என்ன, ஐ.ஏ.எஸ்ஸா?"

"பத்தாவதுங்க."

"வாத்துக்கும் சேத்துப் படிச்சியோ? அதான் எண்பத்து மூணும் பாஸாயிடுச்சு" என்றார் லாரி டிரைவர். அவர் கெட்டவர் இல்லை, வாய் சும்மா இருக்காது. என் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் டீயைக் குடித்தார்.

மைத்துனர் போனில் கணக்குப் போட்டார். ஒன்பது போக எழுபத்து நாலு. இருபத்திரண்டாயிரத்து இருநூறு. பழைய பாக்கி நாலாயிரம். இருபத்தாறாயிரத்து இருநூறு. ஒரு வருஷமும் ஒரு மாசமும் இன்னும்.

"அண்ணே, ரெண்டு மாசத்துல விட்டுடுவீங்கன்னு நம்பி இருக்கோம்" என்றாள் என் மனைவி. "இவரு வித்திருந்தா அந்தக் காசு எங்க? என் கழுத்தப் பாருங்க, மஞ்சக் கயிறுதான் கெடக்கு."

"நான் வித்தான்னு சொல்லலம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்கு இவனுக்கு விட்டா நாளைக்கு எல்லாப் பட்டியிலயும் கால் காணாமப் போயிடும். எனக்கு முட்டை யாவாரி முன்பணம் குடுத்திருக்கான், அவன் விடுறானா?" பிறகு என்னைப் பார்த்தார். "உன்னை என்ன கட்டியா போட்டிருக்கேன்? வழி தெறந்துதான் கெடக்கு. பணத்தை வச்சிட்டு இப்பவே போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அந்த வார்த்தையைப் புத்தகத்தில் அந்த எஜமானும் ஏறக்குறைய சொல்லியிருந்தான். உன் விலையை வை, போ. அந்த ஆள் அப்போது என்ன செய்தார் என்று மனசு தேடியது. அவர் ஆட்களைக் கூப்பிட்டார், பேரைச் சொன்னார், தொகையைச் சொன்னார். அதைத்தான் நானும் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பையிலிருந்து அந்த ஜெராக்ஸை எடுத்து, கடைசிப் பக்கத்தின் வெற்றுப் புறத்தைத் திருப்பினேன்.

"நான் எழுதிக்கிறேங்க. இன்னிக்கு யார் யார் இருந்தாங்க, எவ்வளவு பாக்கின்னு. நாளைக்கு மாறிப் போகக் கூடாது."

முன்பணத்தைத் தவிர மூன்று வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"எழுதிக்க" என்றார் முதலாளி.

"என் பேரையும் போடு" என்றார் டிரைவர். "வண்டி நம்பரையும் போட்டுக்க."

நான் எழுதினேன். ஏழு பேரையும் எழுதினேன். முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, வாத்து எவ்வளவு, பாக்கி எவ்வளவு. என் எழுத்து நன்றாக இருக்கும், பள்ளியிலேயே சொல்வார்கள். மைத்துனர் எட்டிப் பார்த்தார். "அழகா எழுதியிருக்கியே. கீழ ஒரு கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன். போட்டுவிட்டு, இனி யாரும் கூட்ட முடியாது என்று நிமிர்ந்தேன். அவர் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். மச்சானையும் அழைத்து ஓரத்தில் ஜாமீன் என்று எழுதிக் கைநாட்டு வாங்கி, அதையும் ஒரு போட்டோ. மச்சான் கட்டைவிரலில் தடவியது என் பேனா மைதான். உள்ளே வெங்காயச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் மனைவி கேட்டாள். "அந்தப் புத்தகத்து ஆளு குடுத்த பணத்துக்குச் சாட்சி வச்சாரா, குடுக்க வேண்டிய பணத்துக்கா?"

நான் அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், என்னைவிடச் சரியாகப் படித்திருந்தாள். அவர் ஏழு பேரைச் சாட்சி வைத்தது கட்டின பணத்துக்கு. நான் ஏழு பேரைச் சாட்சி வைத்தது கடனுக்கு. மூன்று வருஷமாக எழுத்தே இல்லாமல் இருந்த ஒன்றுக்கு என் கையாலேயே எழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு டீச்சர் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தது.

"ஏன் அண்ணே கையெழுத்துப் போட்டீங்க?"

"தெரியல டீச்சர்."

"சரி, இதையே வச்சு ஒண்ணு பண்ணலாம்." அது மெதுவாகச் சொன்னது. முன்பணத்துக்காக ஆளைப் பிடித்து வைப்பது சட்டப்படி செல்லாதாம். இந்தத் தாளோடு கோட்டாட்சியர் ஆபீசில் மனுக் கொடுத்தால் விசாரிப்பார்களாம். கடன் ரத்து என்று விடுதலைச் சான்றிதழ் ஒன்று தருவார்களாம். "உங்களைக் கட்டிப் போட்டதும் இந்தத் தாள்தான் அண்ணே, அவிழ்க்கப் போறதும் இதுதான். நான் கூட வர்றேன்."

சான்றிதழ் என்றதும் புத்தகத்து ஆள் நினைவுக்கு வந்தார். அப்புறம் மச்சானின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. மனுக் கொடுத்தால் அவர் என்ன ஆவார்? அவருக்கும் அங்கே முப்பதாயிரத்துக்கு மேல் கடன் இருக்கிறது. இருவருமாகக் கொடுக்கலாம் என்கிறது டீச்சர். மச்சானிடம் கேட்டேன். கம்பை ஊன்றி நின்றபடி யோசித்தார். "எம் பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் மாப்ள. கேசு போட்டவனுக்கு எவன் முன்பணம் குடுப்பான்? அது முடியட்டும்." நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததற்கு அவர் மட்டும்தான் காரணமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

புத்தகத்திலிருந்து கழற்றிய அந்தத் தாள் இப்போது பாலிதீன் உறையில் என் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். என் மனைவி, ஒவ்வொரு மாசமும் பிடித்தம் போனதும், அதை என்னை எழுத வைக்கிறாள். யார் முன்னால் பிடித்தார்கள் என்பதோடு சேர்த்து. நாலு மாசம் எழுதியாகிவிட்டது.

மதிப்புரையை இன்னும் டீச்சரிடம் கொடுக்கவில்லை. புத்தகத்தை நான் முடிக்கவில்லை. அந்த ஆள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற பக்கத்தில் ஒரு வாத்து இறகை அடையாளம் வைத்திருக்கிறேன், அதற்கு மேல் திருப்பக் கை வரமாட்டேன் என்கிறது. அக்கரை போய்த்தான் இருப்பார். போகாவிட்டால் எப்படி எழுதியிருக்க முடியும். அது எனக்கும் தெரியும். ஆவணி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பாக்கி: பதினெட்டாயிரத்து இருநூறு ரூபாய்.